வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய மெழுகுதிரிகள்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் ஆலயங்களில் பலிபீடத்தின் அருகே பசுமையான ஒரு வளையம் வந்து அமர்ந்துவிடுகிறது. மூன்று ஊதா நிறத் திரிகள், ஒரு ரோஜா நிறத் திரி. முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என்று நாம் ஏற்றிக்கொண்டே போகிறோம். மறைக்கல்வி வகுப்பில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் ரோஜா நிறத் திரி மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரியது என்று சொல்லிவிடுவான். ஆனால் இந்த வளையத்தை முதன்முதலில் செய்தவர் யார் என்று கேட்டால், பெரியவர்களே சற்று யோசிப்பார்கள். ஏதோ ஒரு திருத்தந்தை ஏற்படுத்தியிருப்பார், அல்லது பழைய துறவு மடம் ஒன்றில் தோன்றியிருக்கும் என்று பதில் வரும்.

இரண்டும் இல்லை. அவர் குருவானவரும் இல்லை. நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த லூத்தரன் கிறிஸ்தவர். பெயர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன். ஜெர்மனியில் பள்ளிகளும் தெருக்களும் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் ஊர்களில் இவர் பெயர் அதிகம் கேட்கப்படுவதில்லை. இவர் கைவேலை மட்டும் ஆண்டுதோறும் நம் பீடத்தருகே வந்து நிற்கிறது.

விக்கெர்ன் 1808-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று ஹாம்பர்க்கில் பிறந்தார். தந்தை பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்பவர், மொழிபெயர்ப்பாளரும்கூட. ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். 1823-இல் தந்தை இறந்துபோனார். அப்போது இவருக்கு வயது பதினைந்து. தாயோடு சேர்ந்து ஆறு தம்பி தங்கையரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இந்த இளைஞன் தோளில் ஏறியது. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு தனியார் பள்ளியில் உதவியாளராக வேலை பார்த்தார். தன் படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அந்த ஆண்டுகள்தான் அவரை ஆசிரியராக்கின என்று நான் நினைக்கிறேன். பல்கலைக்கழகம் பின்னால்தான் வந்தது. நல்லுள்ளம் படைத்த சிலரின் பண உதவியால் 1828-இல் கோட்டிங்கன் சென்றார். பின்னர் பெர்லினில் இறையியல் கற்று முடித்தார்.

1832-இல் சொந்த ஊர் திரும்பிய இவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஹாம்பர்க்கின் செயின்ட் ஜார்ஜ் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஞாயிறு பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர் பணி. இன்றைய நம் மறைக்கல்வி வகுப்பைப்போல அதை நினைத்துவிடக் கூடாது. வாரம் முழுவதும் வேலைக்கும் பிச்சைக்கும் போகும் பிள்ளைகள் எழுத்தும் வாசிப்பும் கற்க வேறு நாள் கிடைக்காமல் வந்து சேர்ந்த இடம் அது. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் போதும் என்று விக்கெர்ன் இருந்துவிடவில்லை. அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வீடுகளுக்கே போனார். உடன் சில நண்பர்களையும் சேர்த்துக்கொண்டார்.

ஹாம்பர்க் அன்றைக்கே பணக்காரத் துறைமுகம். உலகின் பல பகுதிகளிலிருந்தும் சரக்குக் கப்பல்கள் வந்து நின்ற ஊர். ஆனால் முடுக்குகளிலும் பின்கட்டுகளிலும் அவர் கண்டது வேறோர் ஊர். ஒரே அறையில் பல குடும்பங்கள். ஈரம் ஊறிய சுவர்கள். குடியில் விழுந்த தந்தையர். திருடப் பழகிய பிள்ளைகள். கண்டவற்றைத் தேதி, தெரு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இரக்கப்பட்டு அழுதுவிட்டுப் போகிறவர் இப்படிக் குறிப்பெடுக்க மாட்டார் அல்லவா? ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைப்பவர்தான் எழுதி வைப்பார்.

அந்தக் காலத்தில் திருடிப் பிடிபட்ட சிறுவனைச் சிறையிலோ, உயர்ந்த மதிலுக்குள் இருந்த திருத்தகத்திலோ அடைப்பார்கள். விக்கெர்ன் கேட்டது வேறு. அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது குடும்பம். ஆகவே குடும்பத்தைக் கொடுக்க வேண்டும் என்றார். 1833 செப்டம்பரில் நகரின் பெரிய மனிதர்களைக் கூட்டி இதை விளக்கினார். நகராட்சியின் உயர் அதிகாரியான கார்ல் சீவெகிங் என்பவர், நகருக்கு வெளியே ஹோர்ன் என்ற கிராமத்தில் தமக்கிருந்த ஒரு பழைய ஓலைக்கூரை வீட்டை இதற்காகக் கொடுத்தார். அந்த வீட்டின் பெயர் ரவுஹஸ் ஹவுஸ். கரடுமுரடான வீடு என்பது அதன் நேர்ப்பொருள். ரூகே என்ற ஒருவரின் வீடு என்று உள்ளூர்ப் பேச்சில் வழங்கிய பெயர்தான் இப்படித் திரிந்தது என்பார்கள். எப்படியானாலும், உள்ளே வரப்போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது!

1833 அக்டோபர் 31 அன்று விக்கெர்ன் தம் தாயோடும் தங்கையோடும் அந்த வீட்டில் குடியேறினார். அவருக்கு வயது இருபத்தைந்து, திருமணம் ஆகவில்லை. நவம்பர் மாதம் முதல் சிறுவர்கள் வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். காவல்துறை அறிந்த பிள்ளைகள், பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள், யாரையும் நம்பாத பிள்ளைகள்.

அந்த வீட்டுக்கு மதில் இல்லை. சன்னலுக்குக் கம்பி இல்லை. வாசலுக்குக் காவலாளி இல்லை. வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், இதுவரை நீ செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டது, இங்கே யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று விக்கெர்ன் சொல்லிவிடுவார். நகரத்துப் பெரியவர்களில் பலர் தலையை ஆட்டியிருப்பார்கள். நாமும்தான் ஆட்டியிருப்போம். திருடும் பிள்ளையைத் திறந்த வீட்டில் வைத்துக்கொள்வது எளிதா? உண்மையிலேயே சிலர் ஓடிப்போனார்கள். ஓடியவர்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள்.

பிள்ளைகள் கூடக் கூட வீடு போதவில்லை. அப்போதும் பெரிய விடுதி கட்ட அவர் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு சிறு வீடு, அதற்கு அண்ணன்போல ஓர் உதவியாளர். இதுவே அவர் வகுத்த முறை. கட்டட வேலையில் பிள்ளைகளின் கைகளும் சேர்ந்தன. தோட்டம், தச்சு, செருப்புத் தைத்தல், தையல் என்று ஆளுக்கொரு தொழில். பிற்பாடு அச்சகமும் வந்தது. செயின்ட் ஜார்ஜ் ஞாயிறு பள்ளியில் உடன் பணிபுரிந்த அமாண்டா போமே என்பவரை 1835-இல் அவர் மணந்துகொண்டார். பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இதை வாசிக்கும்போது உங்களில் பலருக்குப் புனித தொன்போஸ்கோ நினைவுக்கு வந்திருப்பார். சரிதான். தொன்போஸ்கோ 1815-இல் பிறந்தவர். விக்கெர்னைவிட ஏழு வயது இளையவர். தூரின் நகரத் தெருப்பிள்ளைகளோடு அவர் பணியைத் தொடங்கியது 1841 டிசம்பர் 8. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே வடக்கே ஒரு லூத்தரன் இளைஞர் இதே வழியில் நடந்துகொண்டிருந்தார். அடிக்காமல், பூட்டி வைக்காமல், தொழிலும் செபமும் விளையாட்டும் சேர்த்துப் பிள்ளைகளை வளர்க்கலாம் என்பதை இரண்டு இடங்களில், இரண்டு சபைகளில், இருவர் கண்டுகொண்டார்கள்.

இனி அந்த வளையத்துக்கு வருவோம்.

ஹாம்பர்க்கின் டிசம்பர் மாதத்தை நாம் கற்பனை செய்வது கடினம். காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். இடையிலும் மேகமூட்டம், மழை, காற்று. ஏழை வீடுகளில் மாலையில் விளக்கு ஏற்றுவதே ஒரு செலவு. இந்தப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த முடுக்குகளில் டிசம்பர் என்றால் குளிரும் இருட்டும்தான். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்பது மற்றவர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் ஒரு காட்சி. இப்போது அதே பெருவிழா முதன்முறையாக அவர்களுக்கும் வரப்போகிறது. காத்திருக்க முடியுமா? இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று விக்கெர்னைத் துளைத்தெடுத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் வளரும் எந்த வீட்டிலும் கேட்கும் கேள்விதானே!

பள்ளியாசிரியர் பதிலை வாயால் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார். 1839-ஆம் ஆண்டு ரவுஹஸ் ஹவுஸின் செபக்கூடத்தில் ஒரு வண்டிச் சக்கரம் கூரையிலிருந்து தொங்கியது. அதன்மேல் வட்டமாக நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகள். அவற்றுக்கு இடையே இருபது சிறிய சிவப்புத் திரிகள். வெள்ளை ஞாயிறுக்கு, சிவப்பு வாரநாளுக்கு. ஒவ்வொரு மாலையும் பிள்ளைகள் கூடிச் செபிக்கும்போது கூடுதலாக ஒரு திரி ஏற்றப்படும். நேற்று ஏற்றியதும் இன்றும் எரியும்.

கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். 1839-இல் டிசம்பர் முதல் தேதியே ஞாயிற்றுக்கிழமை. அதுவே திருவருகைக் கால முதல் ஞாயிறு. 1, 8, 15, 22 ஆகிய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு வெள்ளை. இடைப்பட்ட மூன்று வாரங்களுக்கு ஆறு ஆறாகப் பதினெட்டுச் சிவப்பு. மிச்சம் 23, 24 ஆகிய இரண்டு நாள்கள். மொத்தம் இருபத்துநான்கு. எண்ணத் தெரியாத பிள்ளையும் அண்ணாந்து பார்த்து, ஏற்றாத திரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசிக்கத் தெரியாதவனுக்கும் அது நாட்காட்டி.

அதில் இன்னொன்றும் இருந்தது. டிசம்பர் 21 வரை வெளியே இரவு நீண்டுகொண்டே போகும். உள்ளேயோ ஒவ்வொரு நாளும் ஒரு சுடர் கூடிக்கொண்டே வரும். விழாவுக்கு முந்தின மாலை இருபத்துநான்கும் எரியும்போது, ஆண்டின் மிக இருண்ட நாள்களில் அந்தக் கூடம் மிக வெளிச்சமாக இருந்திருக்கும். ஒளி இருளில் ஒளிர்வதைப் பற்றிய யோவான் நற்செய்தியின் தொடக்கத்தை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் அதைத் தங்கள் தலைக்கு மேலேயே பார்த்தார்கள்.

இன்று நாம் காணும் பசுமை அதில் முதலில் இல்லை. சக்கரத்தை ஊசியிலை மரக் கிளைகளால் அலங்கரிக்கும் வழக்கம் 1860-ஐ ஒட்டித்தான் வந்தது. நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று நான்கு திரிகளுக்குப் பெயர் சொல்வதும் பிற்காலத்தில் சேர்ந்ததே. பழங்கால ஜெர்மானிய இனத்தவர் குளிர்காலத்தில் சக்கரத்தில் விளக்கேற்றினார்கள், அதிலிருந்து வந்தது இது என்று எழுதுவோரும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் திருவருகைக் காலத்தின் நாள்களை எண்ணும் இந்த வளையத்தின் தொடக்கமாகப் பதிவாகியிருப்பது ஹாம்பர்க் பிள்ளைகளின் அந்தச் செபக்கூடம்தான்.

ரவுஹஸ் ஹவுஸில் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் ஜெர்மனியின் பல பகுதிகளுக்கும் பணிக்குப் போனார்கள். வளையமும் அவர்களோடு போனது. சிறிய வீடுகளில் இருபத்துநான்கு திரிகள் தாங்கும் சக்கரத்துக்கு இடம் ஏது? எனவே ஞாயிறுகளுக்கான நான்கு மட்டும் நிலைத்தன. நம் கத்தோலிக்க ஆலயம் ஒன்றில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது 1925-இல், கொலோன் நகரில். 86 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஒரு சபையின் கூடத்திலிருந்து இன்னொரு சபையின் பீடத்துக்கு அந்த வளையம் வந்து சேர்ந்தது. திருவழிபாட்டு நிறங்களான ஊதாவும் ரோஜாவும் நம்மிடம் வந்த பிறகு அதற்குக் கிடைத்த உடை.

விக்கெர்னின் வாழ்வில் பேர் வாங்கிக்கொடுத்தது இந்த வளையம் அல்ல. 1848 செப்டம்பரில் விட்டன்பர்க் நகரில் கூடிய ஜெர்மன் புராட்டஸ்டாண்டு சபையினரின் மாநாட்டில், எழுதிவைத்துப் படிக்காமல் அவர் ஆற்றிய நீண்ட உரைதான் அவரை நாடறியச் செய்தது. போதிப்பது மட்டும் திருச்சபையின் வேலை அல்ல, ஏழைகளைக் காப்பதும் அதன் சொந்த வேலையே என்று அவர் வாதாடினார். அதிலிருந்து பிறந்ததே உள்நாட்டு மறைப்பணி என்ற பெயரில் ஜெர்மனி முழுவதும் பரவிய சேவை அமைப்பு. அதே ஆண்டு திருவருகைக் காலத்தையொட்டி, மைன்ஸ் பேராலயத்தில் அருள்தந்தை கெட்டலர் அன்றைய சமூகச் சிக்கல்களைப் பற்றித் தொடர் மறையுரைகள் ஆற்றினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னர் மைன்ஸ் நகரின் ஆயரானவர் அவர். வறுமையின் வேர் முதன்மையாக இறைப்பற்றின் குறைவில் இருக்கிறது என்று விக்கெர்ன் எண்ணினார். கூலியையும் ஆலைகளையும் பற்றிய கேள்விகளுக்கு அவரிடம் போதிய பதில் இல்லை என்பது என் கருத்து. அந்தப் பக்கத்தில் கெட்டலர்தான் காலப்போக்கில் இன்னும் தூரம் நடந்தார்.

1857-இல் பிரஷ்ய அரசு அழைத்து, சிறைச் சீர்திருத்தப் பொறுப்பை விக்கெர்னிடம் கொடுத்தது. பெர்லினின் மோவாபிட் சிறையில் அவர் பயிற்றுவித்த உதவியாளர்கள் காவலர்களாக வேலை செய்தார்கள். எதிர்ப்புகள் கிளம்பின, நினைத்ததில் பெரும்பகுதி நிறைவேறவில்லை. 1858-இல் பெர்லினில் யோவான் இல்லம் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு பக்கவாதம் தாக்கியது. கடைசி ஆண்டுகளை ஹாம்பர்க்கில் நோயில் கழித்து, 1881 ஏப்ரல் 7 அன்று இறைவனடி சேர்ந்தார். ரவுஹஸ் ஹவுஸ் இன்றும் ஹாம்பர்க்கில் பிள்ளைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சேவை செய்து வருகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திரி கொண்ட பெரிய வளையமும் ஆண்டுதோறும் அங்கே ஏற்றப்படுகிறது.

பங்குகளில் மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை எளிதாகப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம். கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்கிப் பீடத்தருகே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கும் இருக்காது. பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, பெரிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டச் சொல்லுங்கள். நடுவிலும் சிறிய வட்டம் வெட்டி எடுத்தால் சக்கரம் தயார். பச்சைத் தாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் உள்ளங்கையை வைத்து வரைந்து வெட்டட்டும். அந்தக் கைகளை அடுக்கி ஒட்டினால் அதுவே இலை. செய்தித்தாளை விரல் பருமனுக்குச் சுருட்டி, நான்கு சுருளுக்கு வெள்ளைத் தாளும் மற்றவற்றுக்குச் சிவப்புத் தாளும் சுற்றி, ஒட்டுப்பசையால் அட்டையில் நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் நெருப்பு வேண்டாம். மஞ்சள் பட்டத்தாளில் சுடர்களை வெட்டி ஓர் உறையில் போட்டு வைத்தால் போதும். வகுப்பு வாரம் ஒருமுறை என்றால் வளையத்தை ஒரு வீட்டில் வைத்து, மாலைச் செபத்தின்போது நாளுக்கு ஒரு சுடராகப் பிள்ளைகள் முறைவைத்து ஒட்டலாம். எல்லாவற்றையும் முதல் நாளே ஒட்டிவிடக் கெஞ்சுவார்கள். விட்டுவிடாதீர்கள்; காத்திருப்பதற்காகத்தானே அந்தச் சக்கரமே!

சிவப்புத் திரிகள் எத்தனை என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமல், நாட்காட்டியைப் பார்த்துப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏனெனில் அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். திருவருகைக் கால முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். 2022-இல் நவம்பர் 27 அன்றே வந்தது. எனவே சிவப்பு இருபத்துநான்கு. 2023-இல் டிசம்பர் 3 வரை தள்ளிப்போனது, பதினெட்டுப் போதுமானது. நான்காம் ஞாயிறும் விழாவுக்கு முந்தின மாலையும் அந்த ஆண்டு ஒரே நாளில் வந்துவிட்டன. 2024-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 1. அதாவது நான்கு வெள்ளையும் இருபது சிவப்பும், ஹாம்பர்க் பிள்ளைகள் அந்த முதல் ஆண்டில் எண்ணிப் பார்த்த அதே கணக்கு.